தாம்பூலத்தை லிஃப்ட் பக்கத்தில் கொடுத்துவிட்டு அதற்குப் பெயர் மடியா?

கொலு அன்று எங்கள் குடியிருப்பில் நடந்ததைப் பற்றி நான் எழுதிய நாலு வரி இத்தனை பேரைச் சுடும் என்று நினைக்கவில்லை. நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும்: கொலு வைத்த மாமி, தன் வீட்டில் வேலை செய்யும் அம்மாவை உள்ளே விடாமல், தாம்பூலத்தை லிஃப்ட் பக்கத்தில் வைத்துக் கொடுத்து அனுப்பினார். "எங்க வச்சுக் குடுத்தா என்ன, தாம்பூலம் தாம்பூலம்தானே" என்று இன்பாக்ஸில் வந்தவர்களுக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும்.

கொலுப்படியைத் துடைத்தது அந்த அம்மா. மரப்பாச்சியைப் பரணிலிருந்து இறக்கியது அவர். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்ததும் அவர்தான். அப்போதெல்லாம் ஒட்டாத தீட்டு, மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ள அதே வாசலில் வந்து நின்றபோது எங்கிருந்து ஒட்டியது?

"அன்னிக்கு மடியா இருந்தோம்" என்கிறார்கள். மடி, அதாவது குளித்து, யார் மேலும் படாமல் இருக்கும் ஆசாரச் சுத்தம், எனக்குத் தெரியாததில்லை. கும்பகோணம் பக்கம் என் பாட்டி விடியுமுன் கிணற்றடியில் குளித்து, முதல் நாளே உயரக் கொடியில் கோலால் உலர்த்திய ஒன்பது கஜத்தைக் கட்டிக்கொண்டுதான் அடுப்படிக்குள் நுழைவாள். சாதம் தொட்ட கையை அலம்பாமல் மோர்ச்சட்டியைத் தொட மாட்டாள். குழாயில் தோல் வாஷர் இருக்கிறது என்று கடைசிவரை கிணற்றுத் தண்ணீர்தான். பயணம் போனால் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. அத்தனை சிரமமும் அவள் உடம்போடு.

இன்றைக்கு அதில் எது மிச்சம்? சுண்டல் கேட்டரிங்கில் வருகிறது. அதைக் கிண்டியவர் யார், குளித்தாரா என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். நமக்குச் சிரமமான விதி எல்லாம் போய்விட்டது. அடுத்தவரை வாசலோடு நிறுத்தும் விதி மட்டும் பத்திரமாக இருக்கிறது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

சுத்தம், விஞ்ஞானம் என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். கிரகணத்தன்று ஊறுகாய் ஜாடி மேல் ஒரு தர்ப்பையைப் போட்டால் தோஷமில்லை என்று விடுகிறோம். மடி விதியில் பட்டுக்கு விலக்கு உண்டு, துணியில்லாத குழந்தைக்கு விலக்கு உண்டு. ஜாடிக்கு வழி கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு மனுஷிக்கு வழி தெரியவில்லையா?

"மத்த ஜாதியில இல்லையா?" இருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை இறையூரில் டீக்கடை இரட்டைக் குவளை வெளியே வந்ததே, அது அக்கிரகாரம் இல்லை. அதனால் நம் லிஃப்ட் பக்கத்தில் நடந்தது சரியாகிவிடுமா? 2011-12இல் எடுத்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், தலித் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வரலாமா, பாத்திரத்தைப் புழங்கலாமா என்று வீடு வீடாகக் கேட்டார்கள். ஏதோ ஒரு விதத்தில் தீண்டாமை உண்டு என்று பதில் சொன்ன குடும்பங்கள் சுமார் 27 சதவீதம். பிராமணக் குடும்பங்களில் பாதிக்கு மேல். வெளியாள் வந்து கேட்டபோதே கூசாமல் சொன்னது இவ்வளவு. தீண்டாமையை ஒழிக்கும் 17வது பிரிவு 1950இலிருந்து அரசியல் சட்டத்தில் இருக்கிறது.

"அவங்களே ஒண்ணும் சொல்லலையே, நீ ஏன் குதிக்கிற?" இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என்ன சொல்வார்? மாதம் பிறந்தால் அந்த வீட்டில்தான் சம்பளம். பிள்ளைக்குப் பீஸ் கட்ட முன்பணம் கேட்க வேண்டியதும் அங்கேதான். வாயைத் திறந்தால் அடுத்த நாளே குடியிருப்புக் குழுவில் "வேறு ஆள் தெரியுமா" என்று செய்தி வரும். பயத்தில் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எழுத எப்படி மனசு வந்தது?

பேசாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் மேலே புகழ்ந்த அதே பாட்டி, நான் தூரமானபோது கொல்லைப்புற அறையில் உட்கார வைத்தாள். தட்டு தனி, சொம்பு தனி, சோறு எட்ட நின்று போடுவாள். கூடத்தில் சித்தப்பா பிள்ளைகள் கேரம் விளையாடும் சத்தம் கேட்கும். ஏன் வரவில்லை என்று அவர்கள் கேட்பார்கள், பெரியவர்கள் சிரிப்பார்கள். 2018 சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட், மாதவிலக்கைக் காரணம் காட்டி ஒதுக்குவதும் தீண்டாமைதான் என்று எழுதியதைப் படித்த அன்று, நான் சட்டத்தை நினைக்கவில்லை. அந்த அறையை நினைத்துத்தான் அழுதேன். பாட்டி அவள் உடம்பை வருத்திக்கொண்டவரை அது அவள் விரதம். என்னைத் தள்ளி வைத்ததை எப்படி விரதம் என்பேன்?

பாட்டி என்னை அந்த அறையில் உட்கார வைத்த அன்றைக்கு என் அம்மா சமையலறை வாசலில்தான் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று ராத்திரி அவளே போன் செய்தாள். "மாமி ரொம்ப வருத்தப்படறாடி, அந்தப் பதிவை எடுத்துடேன்" என்றாள். மாமியின் வருத்தத்தை விசாரிக்க இத்தனை பேர் இருக்கிறீர்கள். லிஃப்ட் பக்கத்தில் தட்டை வாங்கிக்கொண்டு போனவரை யாராவது விசாரித்தீர்களா?

எடுக்க மாட்டேன்மா. மாமியிடமும் சொல்லிவிடு.