எர்லாங்கில் மூன்று புள்ளிகளும் ஒன்றல்ல

"எர்லாங் என்ற நிரல் மொழியில் காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி எதைப் போட்டாலும் ஒன்றுதான், கம்பைலர் பிழை காட்டினால் மாற்றிப் பார்க்கலாம்" என்றும், "சமக்குறி பைத்தான் மொழியில் போலத்தான், மதிப்பை வைக்கும் குறி" என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். புதிதாகக் கற்பவர்கள் தயவுசெய்து இதை நம்பாதீர்கள். மூன்று புள்ளிகளுக்கும் தனித்தனி வேலை உண்டு.

காற்புள்ளி என்றால் 'இதைச் செய், அடுத்து இதைச் செய்'. அரைப்புள்ளி என்றால் 'இது பொருந்தாவிட்டால் அடுத்த கிளையைப் பார்'. முற்றுப்புள்ளி வைத்தால் அந்த ஃபங்ஷன் முடிந்தது. தமிழில் எழுதும்போது நாம் வைப்பதற்குக் கிட்டத்தட்ட இதே பொருள்தானே!

ஒரு 'கேஸ்' (மதிப்பைப் பார்த்துக் கிளை பிரியும் அமைப்பு) எழுதுகிறீர்கள், மூன்று கிளைகள் என்றால், அரைப்புள்ளி இரண்டுதான். கடைசிக் கிளைக்கும் 'எண்ட்' என்ற சொல்லுக்கும் நடுவே எதுவும் வராது. சி மொழி பழகிய கை தானாக அங்கே ஒரு அரைப்புள்ளியைப் போட்டுவிடும். பெரும்பாலானோர் திணறுவது இந்த இடத்தில்தான். 1980களில் எரிக்சன் ஆய்வகத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங் குழு எர்லாங்கை முதலில் புரோலாக் என்ற இன்னொரு நிரல் மொழியில்தான் எழுதியது. இந்தப் புள்ளி வழக்கமும் அங்கிருந்து வந்ததே.

சமக்குறி பைத்தானில் போலத்தான் என்பதும் தவறு. ஷெல்லில் (கட்டளை தட்டி உடனே விடை பார்க்கும் திரை) 'எக்ஸ் = 5.' என்று கொடுத்துவிட்டு 'எக்ஸ் = 6.' கொடுத்துப் பாருங்கள், பொருந்தவில்லை என்று பிழை வரும். மறுபடி 'எக்ஸ் = 5.' கொடுத்தால் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். ஏனென்றால் அது பொருத்திப் பார்க்கும் குறி. ஷெல்லில் பழைய மதிப்புகளை மறக்கடிக்க 'எஃப்().' போதும்.