பியானோவுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் குரல்

மேற்கத்திய சாஸ்திரிய இசை கேட்கும் நண்பர்களிடம் ஜெர்மன் பாரிடோன் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கௌ பேச்சை எடுத்தால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "அவர் மூளையால் பாடுகிறவர், ஒவ்வொரு சொல்லுக்கும் அடிக்கோடு போடுவார்." போன வாரமும் ஒருவர் இதையே சொன்னார். அப்போது பதில் சொல்ல நேரமில்லை. மனசு கேட்கவில்லை, இங்கே எழுதிவிடுகிறேன்.

பாரிடோன் என்பது உச்சத்தில் பாடும் டெனருக்கும் அடித்தொண்டையில் பாடும் பாஸுக்கும் நடுவில் உள்ள ஆண்குரல். நாம் சாதாரணமாகப் பேசும் குரலுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அதுதான். பாட்டாகவே நடக்கும் நாடகமான ஓபராவில் காதலன் வேடம் பெரும்பாலும் டெனருக்குப் போய்விடும். அப்பா, நண்பன், வில்லன், ஏமாந்த கணவன் எல்லாம் பாரிடோனுக்கு. ஓபராவைத் தவிர ஆர்கெஸ்ட்ராவோடும் கோரஸோடும் பாடும் கச்சேரி மேடை ஒன்று உண்டு. ஒரே ஒரு பியானோவோடு பாடும் தனிக் கச்சேரி இன்னொன்று. இந்தக் கடைசி மேடையைத்தான் பலரும் ஓபரா நட்சத்திரங்களின் ஓய்வு நேர வேலை என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே கடினமானது அதுதான். வேடம் இல்லை, திரை இல்லை, மைக் இல்லை, எதிரில் பேச இன்னொரு பாத்திரம் இல்லை. ஒரு பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த பாட்டில் அவரே வேறு மனிதராக வேண்டும்.

ஃபிஷர்-டீஸ்கௌ அந்த மேடையில்தான் தொடங்கினார். 1943 ஜனவரியில், பெர்லினின் ஜெலன்டார்ஃப் பகுதி நகர மன்றத்தில், இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'விண்டர்ரைசெ'யைப் பாட நின்றார். வில்ஹெல்ம் மியுல்லர் என்ற கவிஞரின் 24 கவிதைகளுக்கு 1827-ல் ஷூபர்ட் அமைத்த பாடல் தொகுப்பு அது. காதல் முறிந்தவன் பனிக்காலத்தில் ஊரை விட்டு நடந்து போகிற கதை. பாடியவருக்கு வயது 17. நடுவில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட ஆரம்பித்தன. கேட்க வந்திருந்த இருநூறு பேரும் அவரும் நிலவறைக்கு ஓடினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டு, விமானங்கள் போனபின் மேலே வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். வீட்டுக்குப் போக வழி இருக்கிறதா என்று தெரியாத ராத்திரியில், மிச்சப் பாட்டையும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்த அந்த இருநூறு பேரை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அதே வருடம் அவரைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரஷ்யப் போர்முனையில் குதிரைகளைப் பராமரிக்கும் வேலை. மாற்றுத்திறனாளியான அண்ணன் மார்ட்டினை நாஜிகள் ஒரு விடுதிக்கு அனுப்பிப் பட்டினி போட்டே கொன்றார்கள். 1945-ல் இத்தாலியில் பிடிபட்டு, இரண்டு வருடம் அமெரிக்கர்களிடம் போர்க்கைதி. முகாமில் சக கைதிகளுக்குப் பாடிக்கொண்டிருந்தார். 1947-ல் திரும்பி வந்ததும், பாடன்வைலர் என்ற ஊரில், இறந்தவர்களை நினைத்து பிராம்ஸ் கோரஸுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய 'ஜெர்மன் ரெக்வியம்' பாட வேண்டியவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஒத்திகைகூட இல்லாமல் இவர் ஏறிப் பாடினார். 1948 ஜனவரியில் பெர்லின் வானொலிக்காக விண்டர்ரைசெ முழுவதையும் பதிவு செய்தார். அந்த வருடக் கடைசியில்தான் ஓபரா வந்தது, இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'டான் கார்லோ'வில் நண்பனுக்காக உயிரை விடும் போசா வேடம்.

வரிசையைக் கவனியுங்கள். தனிக் கச்சேரி, அப்புறம் கச்சேரி மேடை, அப்புறம்தான் ஓபரா.

ஓபராவில் அவர் செய்தது எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்லவில்லை. வெர்டியின் 'ரிகொலெட்டோ'வில் அவர் பாடிய தலைப்பு வேடம் எனக்கு முழுசாக ஒட்டவில்லை. வெர்டியின் சில இடங்களில் குரல் யோசிக்காமல் கொட்ட வேண்டும், இவர் அங்கேயும் சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆனால் 1954-ல் பைராய்ட் இசை விழாவில், வாக்னரின் 'டான்ஹாய்சர்' ஓபராவில் பாடிய வோல்ஃப்ராம் வேடத்துக்கு வாருங்கள். தனக்குக் கிடைக்காத பெண்ணுக்காகப் பிரார்த்திக்கும் நல்ல மனிதன் அவன். அதற்கு இந்தக் குரல்தான் வேண்டும். 1978-ல் மியூனிக்கில் அரங்கேறிய அரிபெர்ட் ரைமானின் 'லியர்' ஓபராவும் இவர் கேட்டுக்கேட்டு எழுத வைத்ததுதான்.

"மூளையால் பாடுகிறவர்" என்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத் தேவாலயத்தைப் பற்றி. 1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் அழிந்த தேவாலயம் அது. பக்கத்திலேயே புதிதாகக் கட்டி, 1962 மே மாதம் திறந்தபோது ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'வார் ரெக்வியம்' முதல் முறையாகப் பாடப்பட்டது. ஒரு ரஷ்யர், ஒரு ஆங்கிலேயர், ஒரு ஜெர்மானியர் பாட வேண்டும் என்பது அந்த இசையமைப்பாளரின் எண்ணம். ரஷ்யப் பாடகி விஷ்னெவ்ஸ்கயாவை சோவியத் அரசு விடவில்லை, அவர் இடத்தில் ஹெதர் ஹார்ப்பர் பாடினார். ஜெர்மானியராக ஃபிஷர்-டீஸ்கௌ வந்தார். கடைசிப் பகுதியில் செத்துப்போன இரண்டு சிப்பாய்கள் சந்திக்கிறார்கள், முதல் உலகப் போரில் இறந்த வில்ஃப்ரெட் ஓவனின் கவிதை. டெனர் கொன்றவன், பாரிடோன் கொல்லப்பட்டவன். நீ கொன்ற எதிரி நான்தான் என்று, ஜெர்மன் பட்டாளத்தில் இருந்த ஒருவர், ஆங்கிலத்தில், அந்த ஊரில் நின்று பாடுகிறார். முடிந்ததும் அவரால் இடத்தை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. கூடப் பாடிய ஆங்கில டெனர் பீட்டர் பியர்ஸ்தான் அவரை எழுப்பிக் கூட்டிப்போகப் படாத பாடு பட்டார்.

சொல் புரிந்ததால்தான் அவருக்கு எழுந்திருக்க முடியாமல் போனது. சொல்லைப் பிடித்துக்கொள்வதும் உணர்ச்சியும் இரண்டு வேறு விஷயம் என்று யார் சொன்னது?

விண்டர்ரைசெயின் கடைசிப் பாட்டு 'டெர் லையர்மான்'. ஊருக்கு வெளியே ஒரு கிழவன் கைப்பிடி சுற்றி வாசிக்கும் வாத்தியத்தோடு பனிக்கட்டியில் வெறுங்காலில் தடுமாறி நிற்கிறான். தட்டில் காசு இல்லை. கேட்க ஆள் இல்லை. நாய்கள் உறுமுகின்றன. பியானோவின் இடது கையில் தொடக்கம் முதல் முடிவு வரை அதே இரண்டு சுரங்கள் சேர்ந்து ஒலித்துக்கொண்டே இருக்கும், வேறு எங்கும் போகாது. எனக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்ப்பை மடியில் வைத்துக்கொண்டுதான் முதலில் கேட்டேன். அடிக்கோடு போடுகிறவர் என்கிறார்களே, அவர் இந்தப் பாட்டில் எந்தச் சொல்லையும் தொடவே இல்லை. தெருவில் பார்த்ததைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டு போகிறார். கடைசியில் அந்தக் கிழவனிடம், நானும் உன்னோடு வரட்டுமா, என் பாட்டுக்கு நீ வாசிப்பாயா என்று கேட்கும் இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் எழுகிறது. பதில் வராது. பியானோ கொஞ்சம் உரத்து, பிறகு தேய்ந்து நின்றுவிடும்.

இதை அவர் வாழ்நாள் முழுக்கப் பதிவு செய்துகொண்டே இருந்தார். பியானோவில் 1955-ல் ஜெரால்ட் மூருடன், 1985-ல் பிரெண்டலுடன், 1990-ல் பெராயாவுடன், நடுவில் இன்னும் சில. 1992 டிசம்பர் 31 அன்று மியூனிக்கில் வெர்டியின் 'ஃபால்ஸ்டாஃப்' ஓபராவின் இறுதிக் காட்சியைப் பாடிவிட்டு மேடையிலிருந்து விலகினார், 67 வயதில். 2012-ல் காலமானார்.

புதிதாகக் கேட்கிறவர்கள் 1948 பதிவில் ஆரம்பியுங்கள். ஒலித்தரம் பழசுதான், பரவாயில்லை. அடுத்தபடியாக 1990 பதிவின் கடைசிப் பாட்டை மட்டும் கேளுங்கள். குரலின் ஈரம் நிறையவே வற்றியிருக்கும். 22 வயதில் அந்தக் கேள்வியைக் கேட்பவன் கிழவனைத் தூரத்திலிருந்து பார்க்கிறான். 1990-ல் கேட்பவர் அவன் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.