பிள்ளைக்கு உறுதிமொழி இருக்கிறது, பெற்றோருக்கு என்ன இருக்கிறது?

ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று நம் பள்ளிகளில் போதை எதிர்ப்பு உறுதிமொழி வாசிக்கப்படுகிறது, பேரணி நடக்கிறது, ஓவியப் போட்டியில் மண்டையோட்டையும் ஊசியையும் நன்றாக வரைந்த பிள்ளைக்குப் பரிசு கிடைக்கிறது. இவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வடசென்னையில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருக்கும் எனக்கு, இந்த முயற்சிகள் அனைத்தும் இன்னும் போதையைத் தொடாத மாணவனிடம் மட்டுமே பேசுவதாகத் தோன்றுகிறது. ஏற்கெனவே தொட்டுவிட்ட பிள்ளையின் தாய் தந்தையரிடம் பேசுவதற்கு நம்மிடம் நிகழ்ச்சியும் இல்லை, நேரமும் இல்லை, பெரும்பாலும் மனமும் இல்லை.

சட்டைப் பையில் 'கூல் லிப்' என்ற புகையிலைப் பாக்கெட்டோ, துணி அடுக்கின் அடியில் மாத்திரை அட்டையோ கண்ணில் பட்ட பிறகு அந்தப் பெற்றோர் என்னென்ன செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. முதலில் அடி, பிறகு அழுகை, பிறகு மந்திரித்துத் தாயத்துக் கட்டுதல், அதுவும் பலிக்காவிட்டால் ஊரிலுள்ள பாட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தல். செய்தி பள்ளிக்கு எட்டினால் டிசி. பள்ளி அத்துடன் கைகழுவிவிடுகிறது. பையனுக்கோ, நாள் முழுவதும் தெருவிலேயே இருக்க வழி பிறக்கிறது. இதற்கிடையில் "வளர்ப்பு சரியில்லை" என்ற ஒரே சொல்லால் உறவினர்கள் தாயின் வாயை அடைத்துவிடுகிறார்கள். தந்தையின் வளர்ப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இந்தப் பெற்றோருக்கு முதலில் தேவைப்படுவது அறிவுரையல்ல, உயிர்காக்கும் சில தகவல்கள். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், பெயின்ட் தின்னர் போன்றவற்றை முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைத் திடீரென மிரட்டினாலோ துரத்தினாலோ இதயத்துடிப்பு தாறுமாறாகி அந்த இடத்திலேயே உயிர் போகக்கூடும் என்பது, கையில் விளக்குமாற்றை எடுக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்? 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படும் ஒரே போதை வகை இந்த முகர்பொருள்தான்: 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58 விழுக்காடு. தூக்க மாத்திரையை நெடுநாள் எடுத்துவந்த பையனை அறையில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம்; அதை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தவன் சில வாரங்கள் விட்டிருந்து மறுபடியும் பழைய அளவையே எடுத்தால், உடல் அதைத் தாங்கும் திறனை இழந்திருப்பதால், மூச்சடங்கிப் போகலாம். எழுப்ப எழுப்ப எழாமல், குறட்டை போன்ற ஒலியுடன் கிடப்பவனைப் "போதை தெளியட்டும்" என்று விட்டுவிடாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்தது காவல் நிலையம் பற்றிய அச்சம். மருத்துவமனைக்குப் போனால் வழக்குப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தே பல குடும்பங்கள் வாய் திறப்பதில்லை. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டாலும், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற அது வழி செய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அச்சத்தைக் கடந்து வருபவர்களுக்காகக் காத்திருக்கும் இன்னொரு ஆபத்து, பதிவு பெறாத மறுவாழ்வு மையங்கள். "மூன்று மாதம் பார்க்க வராதீர்கள், பணத்தை மட்டும் அனுப்புங்கள்" என்று எந்த மையமாவது சொன்னால், அங்கே பிள்ளையைச் சேர்க்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிறையாதவரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்துத்தான் தங்கவைக்க வேண்டும். பெற்றோரோ அவர்கள் அமர்த்தும் ஒருவரோ சிகிச்சைக் காலம் முழுவதும் உடனிருக்க வேண்டும். இந்த ஒரு விதியைக் குறிப்பிட்டுக் கேட்டாலே போலி மையங்களில் பாதியின் சாயம் வெளுத்துவிடும் என்பது என் எண்ணம்.

சிகிச்சைக்கே வர மறுக்கும் பிள்ளையை என்ன செய்வது என்பதுதான் பெற்றோர் எல்லோரும் கேட்கும் கேள்வி. அவனாக மனம் திருந்தினால்தான் உண்டு என்று சொல்லி அனுப்பிவிடுவது நம் வழக்கம். அது முழு உண்மையல்ல. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ராபர்ட் மேயர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் குடும்பத்தாருக்கென்றே 'கிராஃப்ட்' என்ற பயிற்சி முறையை வளர்த்தெடுத்தார்கள். போதையில் இருக்கும்போது வாதிடாமல் தெளிந்த நேரத்தில் சுருக்கமாகப் பேசுவது, தெளிவாக இருக்கும் நாளில் அவனோடு அமர்ந்து உண்பது, அவன் பட்ட கடனை அடைக்காமல் இருப்பது, கை ஓங்கினால் வீட்டார் எங்கே போவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது, அவன் மனம் இளகும் தருணத்துக்காக மருத்துவமனை விவரங்களைத் தயாராக வைத்திருப்பது ஆகியவை அதன் கூறுகள். சிகிச்சையை மறுத்த குடிநோயாளிகளின் உறவினர் 130 பேரைக் கொண்டு 1999-இல் வெளியான ஆய்வில், இப்பயிற்சியைப் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் தங்கள் வீட்டாரைச் சிகிச்சைக்கு அழைத்துவந்தனர். எல்லோருமாகச் சூழ்ந்து எடுத்துரைக்கும் முறைக்குத் தயார்செய்யப்பட்டவர்களில் அது 30 விழுக்காடு. அந்த ஆய்வு மதுவைப் பற்றியது, பதின்வயதினரைப் பற்றியதல்ல. ஆயினும் வீட்டார் பேசும் முறையை மாற்றினால் மறுப்பவரின் முடிவும் மாறக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

நமக்கும் இது புதிதல்ல. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனையில், நோயாளியோடு குடும்பத்தாருக்கும் தனியே சிகிச்சைத் திட்டம் உண்டு. குடும்பமும் நோயின் பிடியில் இருக்கிறது என்பதை அனுபவித்தறிந்த ஒருவர் உருவாக்கியது அது. அண்மையில் தமிழக அரசு அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற போதை மீட்பு மையங்களைத் திறந்திருப்பதும் வரவேற்கத்தக்கது. என் குறையெல்லாம், குடும்பம் மருத்துவமனை வாசலை எட்டும் முன் கழிகிற அந்த ஓரிரு ஆண்டுகளைப் பற்றியதே.

அந்த இடைவெளியில் தெருவிலேயே இரண்டு ஏற்பாடுகள் வேண்டும், இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. தகவல் எல்லோருக்கும் உரியது. அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் வெளிப்படையாகவே சொல்லலாம். ஆறுதலும் வழிகாட்டலும் அப்படியல்ல. பாதிக்கப்பட்ட பெற்றோர் கூடுமிடம் பள்ளியாக இருந்தால் யார் வந்தார்கள் என்பது மறுநாளே வகுப்பறைக்குத் தெரிந்துவிடும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில், வாசலில் பெயர்ப்பலகை இல்லாத ஓர் அறை போதும். சர்க்கரை நோய்க்கு வந்தவர்போல வந்து போகலாம். வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாருக்குப் பிற்பகலும், ஆட்டோ ஓட்டும் தந்தையருக்கு ஞாயிறு மாலையும் ஒத்துவரும். வருகைப் பதிவேடு, காவல் துறையினர், வாட்ஸ்அப் படம், பொன்னாடை எதுவும் கூடாது. அந்த வீட்டின் மற்ற பிள்ளைகளுக்கும் அங்கே இடம் வேண்டும். அண்ணனைத் தேடி அலையும் வீட்டில் தங்கை சாப்பிட்டாளா என்று கேட்க ஆள் இருப்பதில்லை.

"கூப்பிட்டாலும் பெற்றோர் வர மாட்டார்கள்" என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இதுவரை நாம் அவர்களைக் கூப்பிட்டதெல்லாம் டிசி வாங்கிச் செல்வதற்குத்தான். அந்த அறை அமையும் வரை, கட்டணமின்றி அழைக்கக்கூடிய எண்களையாவது உங்கள் தெருக் குழுக்களில் பகிருங்கள்: போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098. பிள்ளைதான் அழைக்க வேண்டும் என்பதில்லை, தாயோ தந்தையோ அழைத்தும் பேசலாம்.