109-இல் ரடர் டிரிம் இல்லை, அது பக் (bug) என்ற மென்பொருள் பிழையும் இல்லை

நேற்று எங்கள் ஃபிளைட் சிமுலேட்டர் (கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு) குழுவில் ஓடிய அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். ஒருவர் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐ முழு பவரில் மேலே ஏற்றுகிறார், மூக்கு ஒரு பக்கம் இழுக்கிறது, விமானம் பக்கவாட்டில் வழுக்குவதைக் காட்டும் கருவியின் பந்து நடுவில் நிற்கவில்லை. உடனே தீர்ப்பு: "பிளேன் நேரா போகவே மாட்டேங்குது, ஃபிளைட் மாடல் போடத் தெரியாதவங்க கையில கொடுத்திருக்காங்க, ஆட்டோ டிரிம் வேணும்." ஃபிளைட் மாடல் என்பது விமானம் எப்படிப் பறக்கும் என்று கணினிக்குச் சொல்லும் கணக்கு. டிரிம் என்பது ஸ்டிக்கையோ பெடலையோ தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல் விமானத்தைச் சமனில் வைக்க உதவும் அமைப்பு. வீடியோவின் கீழே மரியாதையாக ஒரு விளக்கம் எழுதினேன். வந்த பதில் வரிசையாகச் சிரிப்பு எமோஜி, கூடவே "வந்துட்டாரு பைலட்". காலையில் பார்த்தால் என் கமெண்டே இல்லை.

சரி, இங்கே எழுதுகிறேன். இங்கே யாரும் அழிக்க முடியாது.

ரடர் என்பது மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடு, காலால் பெடலை அழுத்தி இயக்குவது. 109-இல் பறந்துகொண்டே திருகுவதற்கு ரடர் டிரிம் கிடையாது. நிஜ விமானத்திலேயே கிடையாது. விமானியின் இடது பக்கம் இரண்டு சக்கரங்கள் இருக்கும். ஒன்று ஃபிளாப்புக்கு (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கைத் தகடு), இன்னொன்று வாலில் கிடைமட்டமாக இருக்கும் சிறு இறக்கையான ஸ்டெபிலைசரின் கோணத்தை மாற்ற. மூக்கை மேலும் கீழும் சமன் செய்ய அந்தச் சக்கரம் உதவும், அவ்வளவுதான். ரடரிலும் ஐலரானிலும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடு) இருப்பவை சின்னத் தகடுகள், அவற்றைத் தரையில் மெக்கானிக் வளைத்து வைப்பார். அந்த வளைவு ஏதோ ஒரு வேகத்துக்குத்தான் சரியாக வரும். அதைவிட மெதுவாக, பவரைக் கூட்டி ஏறும்போது புரொப்பெல்லர் சுழற்றி அடிக்கும் காற்று வாலைத் தள்ளும், வலது காலை அழுத்த வேண்டும். வேகமாகக் கீழே பாய்ந்தால் இடது காலை அழுத்த வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் 1940-இல் கைப்பற்றிய 109-ஐ ஃபார்ன்பரோ விமான ஆய்வு மையத்தில் ஓட்டிப் பார்த்து, ரடர் டிரிம் இல்லாததைக் குறையாகவே எழுதி வைத்தார்கள். அதிவேகத்தில் இடது கால் ஓய்ந்துபோகிறது என்றார்கள். போர் நடந்துகொண்டிருந்தபோதே எதிரி ஓட்டிப் பார்த்துச் சொன்ன குறை அது. அந்தக் குறையைக்கூட விடாமல் கணினிக்குள் கொண்டுவந்தவர்களைத்தான் வேலை தெரியாதவர்கள் என்கிறோம்.

மற்ற விமானங்களைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயரில் எலிவேட்டருக்கும் (மூக்கை மேலும் கீழும் ஆட்டும் வால் தகடு) ரடருக்கும் டிரிம் சக்கரம் உண்டு, ஐலரானுக்குக் கிடையாது. அதன் எலிவேட்டர் அவ்வளவு லேசு, கை கொஞ்சம் கூடினாலும் விமானம் துள்ளும். பிறகு எஞ்சினை மெர்லினிலிருந்து கிரிஃபனுக்கு மாற்றியபோது புரொப்பெல்லர் எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பித்தது, டேக் ஆஃபில் விமானம் இழுக்கும் பக்கமும் மாறிப்போனது. ஃபோக்கே-வுல்ஃப் 190-இல் ஸ்டெபிலைசரைச் சுவிட்ச் போட்டு மின்சாரத்தில் நகர்த்தலாம். பி-51 மஸ்டாங்கில் மூன்றுக்குமே டிரிம் உண்டு. இதெல்லாம்தான் ஒரு விமானத்தின் குணம். இதை எடுத்துவிட்டால் 109, ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் எல்லாம் ஒரே விமானம், பெயின்ட் மட்டும் வேறு. அதற்கு எதற்கு இத்தனை பணம் கொடுத்துத் தனித்தனியாக வாங்க வேண்டும்?

நமக்கு டிரிம் தொல்லையாகத் தெரிவதற்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது, அதை அந்த வீடியோவில் யாரும் தொடவில்லை. நிஜ விமானத்தில் டிரிம் என்பது கையில் இருக்கும் பாரத்தை இறக்கும் வேலை. ஸ்டிக்கைத் தேவையான இடத்தில் பிடித்துக்கொண்டு, பாரம் போகும்வரை சக்கரத்தைத் திருகினால் போதும். நம் வீட்டு ஜாய்ஸ்டிக்கில் இருப்பது ஸ்பிரிங். விட்டால் நடுவுக்கு ஓடிவிடும். அதனால் ஒரு கையால் டிரிம் போடப் போட, மறு கை ஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு நண்பர் தன்னிடம் சும்மா கிடந்த மைக்ரோசாஃப்ட் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2-ஐ எனக்குக் கொடுத்தார். பழைய சாதனம், உள்ளே மோட்டார் இருக்கும். அதில் முதல்முறை டிரிம்மைத் திருகியபோது, தள்ளிக்கொண்டிருந்த ஸ்டிக் மெல்ல அடங்கி என் கை இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அந்த ராத்திரி வேறு எதுவும் செய்யவில்லை, வேகத்தை மாற்றுவதும் டிரிம் போடுவதுமாகவே உட்கார்ந்திருந்தேன். கோளாறு ஸ்பிரிங்கில் இருக்கிறது, பழி ஃபிளைட் மாடல் மேல் விழுகிறது.

"விளையாட்டுதானே, ஏன் இவ்வளவு சீரியஸ்?" என்பார்கள். விளையாட்டாக மட்டும் பறக்க வார் தண்டர் என்ற விளையாட்டில் மவுஸ் மோடு இருக்கிறது, டிரிம் உட்பட எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். டிசிஎஸ் என்ற சிமுலேட்டரின் மஸ்டாங்கிலேயே ஆட்டோ ரடர் ஆப்ஷன் உண்டு. போட்டுக்கொள்ளுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்பது உங்களுக்கு ஒரு வசதி இல்லை, எல்லோருக்கும் 109-ஐ மாற்றச் சொல்கிறீர்கள்.

"ரடர் பெடல் வாங்கக் காசு வேண்டாமா?" இது நியாயமான கேள்வி. என்னிடமும் ரொம்ப நாள் பெடல் இல்லை, ஸ்டிக்கை முறுக்கித்தான் ரடர் போட்டேன், மணிக்கட்டு வலிக்கும். அதிலும் 109-ஐ நேராகப் பறக்க வைக்கலாம். பவரைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள், வேகத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

"நிஜ பைலட்டே இவ்வளவு கஷ்டம் இல்லை என்கிறார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நிஜ பைலட்டுக்கு விமானம் வழுக்குவது உட்காரும் இடத்திலேயே தெரியும், கால் தானாகப் போய்விடும். நமக்கு இருப்பது அந்தப் பந்து மட்டும்.

என்னை உறுத்துவது 109 மட்டும் இல்லை. மேனுவல் படித்தவன் வாயைத் திறந்தாலே சீன் போடுகிறான் என்று ஆகிவிட்டது. போன மாதம் ஒரு தம்பி, மஸ்டாங்கை இறுக்கித் திருப்பினால் ஸ்டிக் விட்ட பிறகும் விமானம் உள்ளே சுருட்டிக்கொண்டு போகிறது, கேம் உடைந்துவிட்டதா என்று குழுவில் கேட்டார். "கத்துக்கிட்டு வா" என்று விரட்டினார்கள். நான் தனியாகக் கேட்டேன், டாங்கை முழுக்க நிரப்பியிருந்தார். சீட்டுக்குப் பின்னால் 85 கேலன் டாங்க், அது நிரம்பியிருந்தால் எடை பின்னுக்குப் போய் விமானம் நிலையில்லாமல் ஆகிவிடும். அன்றைக்குக் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகத் தொலைதூரம் போன விமானிகள் முதலில் அந்த டாங்கில் இருந்த எரிபொருளில் பெரும்பகுதியைச் செலவழித்தார்கள், சண்டைக்கு முன்னால். அதைக் கேட்டதும் அந்தப் பையனுக்கு அவ்வளவு சந்தோஷம், அடுத்தடுத்து கேள்வியாகக் கேட்டான். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் நான் இத்தனை வருடம் இதில் கிடக்கிறேன். இப்போது அவனும் அந்தக் குழுவில் இல்லை. கேட்பவனை விரட்டிவிட்டு, சொல்பவனைச் சிரித்துத் துரத்திவிட்டு, மிச்சம் இருப்பவர்கள் சேர்ந்து ஆட்டோ டிரிம் கேட்கிறார்கள்.

109, மஸ்டாங், ஸ்பிட்ஃபயர், எதில் சந்தேகம் இருந்தாலும் கமெண்டில் கேளுங்கள். எவ்வளவு அடிப்படையான கேள்வியாக இருந்தாலும் உட்கார்ந்து பதில் எழுதுவேன். சிரிப்பு எமோஜி போட மட்டும் வருகிறவர்களை பிளாக் செய்துவிடுவேன்.