ஒரு பிடித்தம், ஒன்பது கேள்வி

சம்பள மென்பொருளில் ஓய்வூதியப் பிடித்தத்தை அமைக்க அரை மணி நேரம் போதும் என்று நம்பிய என்னை என்ன சொல்ல. எடுத்ததுமே கேள்வி: அடிப்படைச் சம்பளத்திலா, மொத்தச் சம்பளத்திலா? மொத்தம் 30,000, அடிப்படை 20,000 என்றால் 5 சதவீதம் 1,500 ஆகவும் வரும், 1,000 ஆகவும் வரும். சரி, திட்ட விதியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அப்புறம், வரிக்கு முன்பா பின்பா? எல்லோருடைய வரியையும் மாற்றிவிடும் இந்தக் கேள்வியை, எழுத்தின் நிறம் கேட்பது போல ஒரு மூலையில் சின்னப் பெட்டியாக ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

ஓய்வூதியத்துக்கு நிறுவனம் தன் பக்கத்திலிருந்து போடும் பங்கு இன்னும் கொடுமை. அது நிறுவனத்தின் செலவு. ஊழியரின் கையில் வரும் தொகையைத் தொடக்கூடாது. நான் அதையும் 'பிடித்தம்' என்ற வகையில் சேர்த்துவிட்டேன். மென்பொருள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இரண்டு பங்கையும் ஊழியர் தலையிலேயே கட்டிவிட்டது. கடவுச்சொல் மாற்றினால் மட்டும் மூன்று முறை 'உறுதியா?' என்று கேட்கும்.

திருத்தலாம் என்று போனால், ஒருமுறை சம்பளம் கணக்கிடப் பயன்பட்ட வகையைத் திருத்த முடியாதாம். முடக்கிவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்கணும். உருவாக்கினேன். புதிய வகையில், இந்த ஆண்டு இதுவரை பிடித்த தொகை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஆண்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற உச்சவரம்பை இனி யார் கவனிப்பது? நான்தான், எக்செல்லில்.