எண்ணிக்கை சொல்லாத சம்பு நாத் டே
தொற்றுநோய் ஆய்வாளரின் தரத்தை முதல் ஐந்தாண்டு மேற்கோள் எண்ணிக்கையே, அதாவது அவர் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை குறிப்பிட்டார்கள் என்ற கணக்கே, காட்டிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அதை ஏற்க முடியவில்லை. கொல்கத்தாவின் காலரா ஆய்வாளர் சம்பு நாத் டேயை எடுத்துக்கொள்ளுங்கள். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, காலரா கிருமியை வளர்த்து வடிகட்டிய, கிருமியே இல்லாத திரவத்தை உள்ளே செலுத்தினார். துண்டு நீர் கோத்து உப்பியது. உடம்பின் நீரைக் குடலுக்குள் இழுப்பது கிருமி வெளியிடும் நச்சுதான் என்பது அப்போதுதான் தெளிவானது. இதை விளக்கி 1959இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த அவர் கட்டுரையை ஆரம்பத்தில் பலர் கண்டுகொள்ளவே இல்லை. 1985இல் அவர் இறக்கும்வரை நம் நாட்டு அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. மறு வருடம் அவர் பணியின் தாக்கத்தை அலசி எழுதியவர், எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்கும் அறிவியல் மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டு! அப்புறம், கல்லூரி நூலகத்தில் மேற்கோள் கணக்கு எடுத்துக் கொடுப்பவன் நான். இனிஷியல் முன்னே பின்னே மாறினால் போதும், ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். ஒரு காசநோய் ஆய்வாளருக்குப் பாதிக் கணக்கு இப்படி விடுபட்டு, கையால் தேடிச் சேர்த்தேன். 'எச்-இன்டெக்ஸ் போதும்' என்று சொல்பவர்களுக்கு: பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து மேற்கோள் பெற்றால்தான் அந்த எண் பத்தாகும்; ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் ஒரே கட்டுரை என்றால் அதில் கிடைக்கும் மதிப்பு ஒன்றுதான்.