திருத்தத்தை மேலே அனுப்புங்கள்

‘கொடி’ என்று தட்டச்சு செய்கிறோம். கணினிக்குள் முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி என்றுதான் பதிவாகிறது. திரையில் மட்டும் கொம்பு முன்னால் வந்து நிற்க வேண்டும், கால் பின்னால் போக வேண்டும். பயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆபிஸ், லினக்ஸின் மேசைத்தளமான க்னோம் எல்லாவற்றிலும் இந்த வேலையைச் செய்வது ஒரே லைப்ரரி, அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பு. பெயர் ஹார்ஃப்பஸ்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. எழுத்துருக்களைக் கையாளும் ஃப்ரீடைப் திட்டத்தில் ஒரு காலத்தில் ஓப்பன்டைப் எழுத்துருக்களுக்கான நிரல் இருந்தது. அதை க்னோமின் எழுத்தமைப்பு லைப்ரரியான பேங்கோ ஒரு பிரதி எடுத்துக்கொண்டது, செயலிகள் கட்ட உதவும் க்யூட்டி ஒரு பிரதி எடுத்துக்கொண்டது. இவர்கள் திருத்தியது அவர்களுக்குப் போகவில்லை, அவர்கள் திருத்தியது இவர்களுக்கு வரவில்லை. லிப்ரெஆபிஸோ லினக்ஸில் ஐசியு என்ற பன்மொழி லைப்ரரியின் எழுத்தமைப்பு எஞ்சினையும் விண்டோஸில் அந்த இயங்குதளத்தின் எஞ்சினையும் பயன்படுத்தியது. ஒரே வரி ஒரு மென்பொருளில் சரியாகவும் இன்னொன்றில் கொம்பு உடைந்தும் தெரிந்த அந்த ஆண்டுகளைத் தமிழில் எழுதிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிரிந்த பிரதிகளை மறுபடி ஒன்றாக்கப் பிறந்ததுதான் ஹார்ஃப்பஸ். லிப்ரெஆபிஸ் 2013-இல் 4.1 வெளியீட்டில் லினக்ஸில் அதற்கு மாறியது. எல்லா இயங்குதளங்களுக்கும் அது வந்து சேர 2017-இன் 5.3 வரை ஆனது.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. நான் பங்களித்த ஒரு சிறிய திட்டத்தில் நாங்களும் அதே தவறைச் செய்தோம். லினக்ஸைத் தொகுத்துத் தரும் வழங்கல்களில் கிடைத்த லைப்ரரி பழையதாக இருந்ததால் புதியதை அப்படியே எங்கள் மூலநிரலுக்குள் வைத்துக்கொண்டோம். அதில் தமிழுக்கு ஒரு பிழை. எங்கள் பிரதியில் சில வரிகள் மாற்றினோம், சரியாகிவிட்டது. அதை மேலே, அதாவது லைப்ரரி எழுதியவர்களுக்கு, அனுப்பவில்லை. சோதனை எழுத வேண்டும், அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அடுத்த வெளியீடு வரும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் ரிலீஸோ அந்த வாரம். சில ஆண்டுகள் கழித்து லைப்ரரியைப் புதுப்பிக்கப் போனால் அந்தக் கோப்பே அங்கே இல்லை, முழுக்க மாற்றி எழுதியிருந்தார்கள். எங்கள் பேட்ச், அதாவது அந்தச் சில வரித் திருத்தம், எதிலும் பொருந்தவில்லை. பேட்சை எழுதியவர் எங்கள் திட்டத்தை விட்டுப் போயிருந்தார். மாற்றத்தோடு பதிந்த கமிட் செய்தியில் ‘தமிழ் சரிசெய்தது’ என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. எந்தச் சொல் உடைந்தது, எந்த எழுத்துருவில் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பாதுகாப்புப் பிழை என்றால் இது இன்னும் மோசம். 2002-இல் தரவைச் சுருக்கும் ஸீலிப் லைப்ரரியில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு 1.1.4 வெளியீட்டில் அடைக்கப்பட்டது. ஆனால் எத்தனையோ மென்பொருள்கள் ஸீலிப்பைத் தமக்குள்ளேயே பிரதி எடுத்து வைத்திருந்தன. லினக்ஸ் கெர்னலுக்குள்ளும் ஒரு பிரதி. எங்கெங்கே இருக்கிறது என்று தேடித் தேடித்தான் அடைக்க வேண்டியிருந்தது. உள்ளே பொதிந்த பிரதிகள் கூடாது என்று டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் தன் கொள்கையில் எழுதி வைத்திருப்பதைப் பிடிவாதம் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

சரி, பிரதி எடுப்பவர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது. லைப்ரரி எழுதுகிறவர் ஒவ்வொரு வெளியீட்டிலும் இடைமுகத்தை உடைத்தால் யார்தான் நம்பித் தொடர்வார்கள்? இடைமுகம் உடைந்தால் லைப்ரரியின் பகிர்வுக் கோப்புப் பெயரில் இருக்கும் எண் கூட வேண்டும். ஹார்ஃப்பஸில் அந்த எண் இன்னும் 0-தான். பத்தாண்டுக்கும் மேலாக உள்ளே எவ்வளவோ மாறியும், அதை நம்பிக் கட்டிய பழைய நிரல் இன்றும் ஓடுகிறது. ஐசியு ஆண்டுக்கு இரண்டு முறை பெரிய எண்ணோடு வருகிறது. ஒவ்வொரு முறையும் அதைச் சார்ந்த அத்தனை பொதிகளையும் வழங்கல்காரர்கள் மறுபடி கட்ட வேண்டும். அந்த உழைப்பு வெளியே தெரிவதே இல்லை.

ஆனால் அதே ஐசியு ஒரு விஷயத்தை மிக அழகாகச் செய்தது. தன் எழுத்தமைப்பு எஞ்சினை 2014-இல் ‘இனி வேண்டாம்’ என்று அறிவித்து, 2016-இல் 58-ஆம் வெளியீட்டில்தான் நீக்கியது. பழைய அழைப்புகளை அப்படியே வாங்கி ஹார்ஃப்பஸுக்குத் தரும் பாலம் ஒன்றை ஹார்ஃப்பஸ் தரப்பிலிருந்தே செய்து கொடுத்தார்கள். விடைபெறுகிறவரும் பொறுப்பேற்பவரும் பேசிக்கொண்டு செய்த வேலை இது. இதற்கு மாறாக, 2019-இல் பேங்கோ 1.44 வந்தபோது பலருடைய டெர்மினலில், புள்ளிகளால் ஆன பழைய பிட்மேப் எழுத்துருக்கள் காணாமல் போயின. அவற்றைக் கைவிடும் முடிவைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த எழுத்துருக்களை நம்பியிருந்தவர்களில் பலருக்கு விஷயம் தெரிந்தது புதுப்பித்த பிறகுதான்.

எங்கள் திட்டத்தில் அந்தப் பிரதியை நீக்கிவிட்டோம். பழைய பேட்சை ஒவ்வொரு வரியாகப் படித்து, உடைந்திருக்கக்கூடிய சொற்களை ஊகித்துப் புதிய லைப்ரரியில் ஓட்டிப் பார்த்தோம். பெரும்பாலானவை ஏற்கெனவே சரியாக இருந்தன, வேறு யாரோ அங்கே அனுப்பித் திருத்தியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் இன்னும் தவறாக வருகிறது. அதற்கான சோதனையை நேற்று இரவு எழுதி முடித்தேன். இன்று அனுப்புகிறேன்.